பவர் மீட்டர் சொல்லும் வாட் கணக்கு: சைக்கிள் பயிற்சியில் அதை எப்படி வாசிப்பது?

டூர் டி பிரான்ஸ் ஒளிபரப்பில் வீரர்கள் மலையேறத் தொடங்கியதும் வர்ணனையாளர்களின் பேச்சு வேகத்தை விட்டு வாட் கணக்குக்கு மாறிவிடுகிறது. ஒரு வீரர் தம் உடல் எடையில் கிலோவுக்கு 6 வாட் வீதம் அரை மணி நேரம் மிதித்தார் என்றால் அது வியந்து பேசப்படும் செய்தி. இந்தக் கணக்கு போட்டியின் சுவையையே கெடுக்கிறது என்ற குரலும் உண்டு. 2018 அக்டோபரில், அடுத்த ஆண்டின் பந்தயப் பாதையை அறிவித்த மேடையிலேயே, அப்போட்டியின் இயக்குநர் கிறிஸ்டியன் புருதோம் மிதிப்பின் திறனை வாட்டில் அளந்து காட்டும் பவர் மீட்டரைப் பந்தயங்களில் அனுமதிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

அதே கருவி இன்று வார இறுதியில் மட்டும் சைக்கிள் ஓட்டுபவர்களின் கைக்கும் வந்துவிட்டது. வாங்கிப் பொருத்திய முதல் நாளிலேயே திரையில் 130, 245, 90, 310 என்று எண்கள் நொடிக்கு நொடி தாவுகின்றன. அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் விளங்குவதில்லை. பவர் மீட்டர் யாருடைய உடல்திறனையும் தானாகக் கூட்டிவிடாது. எப்போது அழுத்தி மிதிக்க வேண்டும், அதைவிட முக்கியமாக, எப்போது அடக்கி மிதிக்க வேண்டும் என்ற முடிவை அது திருத்துகிறது. அந்தத் திருத்தம் எப்படி நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

வாட் என்பது எதன் அளவு?

ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவே திறன். அதன் அலகு வாட். 20 கிலோ அரிசி மூட்டையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் ஏறத்தாழ 200 வாட் திறன் வெளிப்படுகிறது. அதே வீதத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து தூக்கிக்கொண்டே இருப்பதை எண்ணிப் பார்த்தால், நல்ல பயிற்சியுள்ள ஒருவர் 200 வாட்டில் ஒரு மணி நேரம் மிதிப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது விளங்கும்.

சைக்கிளில் இந்தத் திறன் இரண்டு அளவுகளைப் பெருக்கினால் கிடைக்கிறது: பெடலைத் தாங்கிச் சுழலும் தண்டான கிராங்கின் மீது செயல்படும் திருப்புவிசை ஒன்று, கிராங்க் சுழலும் வேகம், அதாவது கேடன்ஸ், மற்றொன்று. நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கும் ஒருவர் 200 வாட் தர வேண்டுமானால் திருப்புவிசை ஏறத்தாழ 21 நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும். 170 மில்லிமீட்டர் கிராங்கில் இது சராசரியாக 125 நியூட்டன் விசை, அதாவது 13 கிலோ எடைக்குச் சற்றுக் குறைவான அழுத்தம். அதே 200 வாட்டை 60 சுற்றில் தர முயன்றால் தேவைப்படும் விசை ஒன்றரை மடங்காகி 187 நியூட்டனைத் தொடுகிறது. திறன் ஒன்றாக இருந்தாலும் முழங்காலும் தொடைத் தசையும் தாங்கும் சுமை ஒன்றாக இருப்பதில்லை. கனமான கியரில் மெதுவாக மிதித்து மலையேறுபவருக்கு மறுநாள் முழங்கால் வலிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

கருவி அளக்கும் விதமும் பிழை புகும் இடங்களும்

சைக்கிளுக்கென முதல் பவர் மீட்டரை உருவாக்கியவர் ஜெர்மானியப் பொறியாளர் உல்ரிஷ் ஷோபெரர். அவர் 1986இல் தொடங்கிய நிறுவனமே எஸ்ஆர்எம். கருவியின் அடிப்படை அன்று முதல் இன்று வரை மாறவில்லை. உலோகம் விசைக்கு ஆட்படும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன் மீது ஒட்டப்பட்ட ஸ்ட்ரெயின் கேஜ் என்னும் மெல்லிய உணரியும் கூடவே நீள்கிறது. அதன் மின்தடை மாறுகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த வீட்ஸ்டன் சமனச்சுற்றுதான் அந்த நுண்ணிய மாற்றத்தை அளக்கிறது. உணரி பெடலில் இருக்கலாம், கிராங்கில் இருக்கலாம், பின்சக்கர ஹப்பிலும் இருக்கலாம்.

உணரி உலோகத்தின் வளைவை அளப்பதால், வெப்பத்தால் உலோகம் விரிவதும் சுருங்குவதும் கணக்கில் புகுந்துவிடுகிறது. ஏசி அறையிலிருந்து எடுத்த சைக்கிளை உடனே வெயிலில் ஓட்டினால் முதல் கால் மணி நேரத்து எண்கள் விலகக்கூடும். பல கருவிகள் வெப்பநிலைக்கு ஏற்பத் தாமே திருத்திக்கொண்டாலும், கீழ்க்கண்ட மூன்றையும் கவனிப்பது நல்லது.

1. சைக்கிளை வெளிக்காற்றில் சிறிது நேரம் நிறுத்தி, கிராங்கைக் கருவியின் கையேடு சொல்லும் நிலையில் வைத்து, பெடலில் கால் படாமல், சைக்கிள் கணினியின் திரையில் பூச்சியத் திருத்தம் செய்ய வேண்டும். அரை நிமிட வேலை இது.

2. பெடல் வகைக் கருவியில் கிராங்க் நீளத்தைச் சரியாக உள்ளிட வேண்டும். 170 மில்லிமீட்டர் கிராங்குக்கு 172.5 என்று பதிந்தால் ஒவ்வொரு எண்ணும் ஒன்றரை சதவீதம் கூடுதலாகவே வரும்.

3. விலை குறைந்த கருவிகள் பல இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்குகின்றன. இடது கால் 48, வலது கால் 52 என்ற விகிதத்தில் மிதிப்பவர் 200 வாட் தந்தால் திரை 192 என்று காட்டும். இந்த வேறுபாடு மாறாமல் இருந்தால் பயிற்சிக்குக் கெடுதல் இல்லை. ஆனால் களைப்பில் இரு கால்களின் விகிதமும் மாறுவதுண்டு. பழைய காயம் உள்ளவர்கள் இரு காலையும் அளக்கும் கருவியை வாங்குவதே சரி.

நல்ல கருவிகள் தமது துல்லியத்தை ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்குள் என்று அறிவிக்கின்றன. 200 வாட்டில் இரண்டு சதவீதம் என்பது 4 வாட். இந்த எண் பின்னர் தேவைப்படும்.

வேகமும் இதயத்துடிப்பும் ஏன் போதவில்லை?

சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையை எடுத்துக்கொள்வோம். மேடுபள்ளம் அதிகமில்லாத சாலை; ஆனால் காற்று உண்டு. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, அதிகம் நிமிராமலும் அதிகம் குனியாமலும் உள்ள சாதாரண அமர்வு நிலை என்று கொண்டால், காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 140 வாட் வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் அதே 140 வாட்டில் 24 கிலோமீட்டர் வேகமே கிடைக்கும். அதே காற்று முதுகில் வீசினால் 36 கிலோமீட்டர் வரும். மூன்று சூழலிலும் உடலின் உழைப்பு ஒன்றுதான். எதிர்க்காற்றிலும் 30ஐ விடாமல் பிடிக்க நினைப்பவர் 230 வாட் தர வேண்டியிருக்கும். மிதமாக ஓட்டத் திட்டமிட்ட நாள் அங்கேயே கடும் பயிற்சியாக மாறிவிடுகிறது. வேகத்தைப் பார்த்து ஓட்டுபவருக்கு இது தெரியவே வழியில்லை.

இதயத்துடிப்பு வேறு வகையில் தவறு செய்கிறது. உழைப்பு கூடிய பிறகுதான் துடிப்பு ஏறும். ஒரு நிமிடத்துக்கும் குறைவான கடும் மிதிப்பில் துடிப்பு உச்சத்துக்கு வருவதற்குள் மிதிப்பே முடிந்துவிடும். காபி, தூக்கக் குறைவு, காய்ச்சலின் தொடக்கம், வெயில் ஆகிய எல்லாமே அதை மாற்றுகின்றன. இதனால் இதயத்துடிப்பு பயனற்றது என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. வாட் என்பது சைக்கிளுக்கு நாம் கொடுத்தது. துடிப்பு என்பது அதற்காக உடல் செலுத்திய விலை. இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால்தான் பயிற்சி புரியும்.

அடிப்படை எண்: எஃப்டிபி

எண்களுக்குப் பொருள் வர ஓர் அளவுகோல் வேண்டும். உடற்பயிற்சி விஞ்ஞானி ஆண்ட்ரூ காகன் வகுத்த எஃப்டிபி (Functional Threshold Power) என்பதே பரவலாகப் பயன்படும் அளவுகோல். ஒருவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச நிலையான திறன் என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அந்த எல்லைக்குக் கீழே உடல் ஓரளவு சமநிலையில் இயங்குகிறது. அதைக் கடந்தால் களைப்பு விரைவாகச் சேர்கிறது.

ஒரு மணி நேரம் முழு வேகத்தில் மிதித்துச் சோதிப்பது கொடுமை என்பதால், 20 நிமிடச் சோதனையின் சராசரியில் 95 சதவீதத்தை எடுப்பது வழக்கம். 20 நிமிடம் 210 வாட் தந்தவருக்கு எஃப்டிபி 200 வாட். உடல் எடை 70 கிலோ என்றால் கிலோவுக்கு 2.86 வாட். குறுகிய கடும் மிதிப்பில் வல்லவர்களுக்கு இந்த 95 சதவீதக் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். அதனால்தான் 20 நிமிடத்துக்கு முன் ஐந்து நிமிடம் முழு மூச்சாக மிதித்துவிட வேண்டும் என்று மூல முறை கூறுகிறது. பலர் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, கிடைத்த பெரிய எண்ணை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் திணறுகிறார்கள்.

காகன் வகுப்பின்படி, 200 வாட் எஃப்டிபி உள்ள இதே ஓட்டுநருக்குப் பயிற்சி மண்டலங்கள் இவ்வாறு அமையும்:

1. முதல் மண்டலம், 110 வாட்டுக்குக் கீழ்: இளைப்பாறும் மிதிப்பு.
2. இரண்டாம் மண்டலம், 112 முதல் 150 வரை: மணிக்கணக்கில் தொடரக்கூடிய தாங்குதிறன் பயிற்சி.
3. மூன்றாம் மண்டலம், 152 முதல் 180 வரை: விரைவு மிதிப்பு.
4. நான்காம் மண்டலம், 182 முதல் 210 வரை: எல்லைப் பயிற்சி.
5. ஐந்தாம் மண்டலம், 212 முதல் 240 வரை: சில நிமிடங்களே தாங்கும், ஆக்சிஜன் கொள்திறனை உச்சத்துக்குத் தள்ளும் பயிற்சி. இதற்கு மேலுள்ள இரண்டு மண்டலங்களும் ஒரு நிமிடம், அரை நிமிடம், சில நொடிகள் என்று அளக்கப்படும் பாய்ச்சல்களுக்கானவை.

ஒரு மண்டலத்தின் எல்லையில் ஒரு வாட் கூடியதும் உடலுக்குள் ஏதோ கதவு மூடித் திறப்பதில்லை. இவை வசதிக்காக வரைந்த கோடுகள்தான். அவற்றை வேதவாக்காகக் கொள்ளத் தேவையில்லை.

எல்லைக்கு மேலே இருப்பு எவ்வளவு?

எஃப்டிபியைவிடக் கோட்பாட்டு வலிமை மிக்கது, 1965இல் மோனோ, ஷெரர் என்ற இருவர் தசை உழைப்பை ஆராய்ந்து முன்வைத்த மாறுநிலைத் திறன் என்ற கருத்து. எல்லைக்கு மேல் உழைக்க உடலிடம் ஓர் அளவான இருப்பு மட்டுமே உண்டு. அது தீர்ந்ததும் எல்லைக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும் என்பது அதன் சாரம்.

இதைக் கண்டறியத் தனித்தனியாக இரண்டு சோதனைகள் போதும். நம் ஓட்டுநர் 3 நிமிடம் 285 வாட்டும், மற்றொரு நாள் 12 நிமிடம் 225 வாட்டும் தருகிறார் என்று கொள்வோம். முதல் சோதனையில் செய்த வேலை 51,300 ஜூல். இரண்டாவதில் 1,62,000 ஜூல். வேறுபாடு 1,10,700; அதை நேர வேறுபாடான 540 நொடியால் வகுத்தால் 205 வாட். இதுவே எல்லை. மூன்று நிமிடத்தில் அந்த எல்லைக்கு மேல் செய்த வேலை 14,400 ஜூல். இதுவே இருப்பு.

இந்தக் கணக்கின் பயன் மலைச்சாலையில் தெரியும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை நோக்கி உற்சாகமாகக் கிளம்பும் ஒருவர் முதல் சில நிமிடங்களில் 265 வாட் தருகிறார். மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை, எல்லாம் எளிதாகவே இருக்கிறது. ஆனால் எல்லையைத் தாண்டிய 60 வாட் வீதம் இருப்பு கரைகிறது. 14,400ஐ 60ஆல் வகுத்தால் 240 நொடி. நான்காவது நிமிடத்தின் முடிவில் கையிருப்பு தீர்ந்து, மீதி வளைவுகளில் 150 வாட்டுக்கே போராட வேண்டியதாகிறது. தொடக்கத்திலிருந்தே 195 வாட்டில் அடக்கி மிதித்தவர் அவரைப் பாதி மலையில் கடந்துபோவார். முதல் ஐந்து நிமிடத்தில் உடல் உண்மையைச் சொல்வதில்லை, கருவி சொல்கிறது. பவர் மீட்டர் வாங்கிய பணத்துக்கு இந்த ஒரு பயனே போதும் என்பது என் கருத்து.

பயிற்சியில் என்ன மாற வேண்டும்?

பயிற்சியாளர் இல்லாமல் ஓட்டுபவர்களின் பதிவுகளில் ஒரு பொதுவான குறை உண்டு. எளிதாக ஓட்ட வேண்டிய நாளில் அளவுக்கு மீறி அழுத்துகிறார்கள்; கடினமாக ஓட்ட வேண்டிய நாளில் களைத்துப்போய்த் தளர்கிறார்கள். எல்லா நாளும் மூன்றாம் மண்டலத்திலேயே கழிகிறது. தாங்குதிறன் விளையாட்டுகளில் உச்சத்தில் உள்ளவர்களை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களது பயிற்சி அமர்வுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்த தீவிரத்தில் அமைவதை எடுத்துக்காட்டினார். வாரத்துக்கு ஐந்து மணி நேரமே ஓட்டுபவர் அந்த விகிதத்தை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. எளிய நாள் உண்மையில் எளிதாக இருக்க வேண்டும் என்ற பாடம் மட்டும் எல்லோருக்கும் பொருந்தும். நீண்ட, மிதமான மிதிப்பில்தான் தசைக்குள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் இரத்த நுண்குழாய்களும் பெருகுகின்றன. கொழுப்பை எரிபொருளாக்கும் திறன் வளர்கிறது. மறுநாள் பயிற்சிக்கு உடலும் மிஞ்சுகிறது.

நடைமுறையில் இது சொல்வதைவிடக் கடினம். 140 வாட்டில் சீராகச் செல்பவர் முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போது, தாம் எதையும் மாற்றாததுபோல் தோன்றினாலும், திரை 230க்குத் தாவியிருக்கும். குழுவாகச் செல்லும்போது பின்னால் இருப்பவர் 100 வாட்டில் நிழல்போல் தொடர்வார். தம் முறைக்கு முன்னே வந்ததும் 220 தருவார். மூன்று மணி நேரம் ஓட்டியும் இரண்டாம் மண்டலத்தில் கழிந்தது அரை மணி நேரமே என்று பதிவு காட்டினால் வியப்பதற்கில்லை. ஏற்றத்தில் கியரைக் குறைத்து, வேகம் இறங்குவதை ஏற்றுக்கொள்வது ஒன்றே வழி. திரையில் நொடிக்கணக்கான எண்ணுக்குப் பதில் மூன்று நொடி அல்லது பத்து நொடிச் சராசரியை வைத்தால் தாவல் அடங்கும்.

கடின நாட்கள் வாரத்துக்கு இரண்டு போதும். ஒரு நாள் 190 முதல் 200 வாட்டில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு அல்லது மூன்று முறை. மற்றொரு நாள் 230 வாட்டை ஒட்டி மூன்று முதல் ஐந்து நிமிட மிதிப்புகள் நான்கைந்து, இடையே அதே அளவு ஓய்வு. கடைசி மிதிப்பின் வாட் முதல் மிதிப்பிலிருந்து வெகுவாக இறங்கிவிட்டால் அன்று நிறுத்திக்கொள்வது நல்லது. தளர்ந்த மிதிப்பு களைப்பை மட்டுமே சேர்க்கும்.

சராசரி வாட் ஏமாற்றும் இடம்

ஐந்து நிமிடம் 230 வாட், ஐந்து நிமிடம் 100 வாட் என்று மாறி மாறி ஒரு மணி நேரம் மிதித்தால் சராசரி 165 வாட். இன்னொருவர் 165 வாட்டிலேயே சீராக ஒரு மணி நேரம் ஓட்டினார் என்றால் இருவரது உழைப்பும் சமமா? முதலாமவர் வீடு திரும்பும்போது கால்கள் தள்ளாடும். தீவிரம் கூடும் அளவைவிட உடல் படும் அழுத்தம் பன்மடங்கு வேகமாகக் கூடுவதே காரணம். இதைச் சரிசெய்யக் காகன் தந்த கணக்கே நார்மலைஸ்டு பவர்: முப்பது நொடிச் சராசரிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, அவற்றின் சராசரிக்கு நான்காம் படிமூலம் காண்பது. நம் எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 193 வாட்.

அந்த எண்ணை எஃப்டிபியால் வகுத்து, வர்க்கமாக்கி, மணி நேரத்தாலும் நூறாலும் பெருக்கினால் டிஎஸ்எஸ் (Training Stress Score) எனப்படும் பயிற்சிச் சுமை கிடைக்கிறது. மாறி மாறி மிதித்தவருக்கு ஏறத்தாழ 93. சீராக ஓட்டியவருக்கு 68. இந்தச் சுமையை 42 நாள், 7 நாள் என்ற இரு அளவில் எடையிட்டுச் சராசரி கண்டு, முதலாவதை உடல்திறன் என்றும் இரண்டாவதைக் களைப்பு என்றும் செயலிகள் வரைபடமாகக் காட்டுகின்றன. பெயரைக் கண்டு மயங்கக் கூடாது. அந்தக் கோடு ஏறுவது, நாம் அதிகம் ஓட்டியிருக்கிறோம் என்பதை மட்டுமே காட்டுகிறது. உடல் அதை உள்வாங்கியதா என்பது அதற்குத் தெரியாது. எஃப்டிபியைத் தவறாகப் பதிந்திருந்தால் மொத்த வரைபடமும் தவறு.

வெயிலில் அதே வாட் அதே உழைப்பு ஆகாது

தமிழ்நாட்டில் ஓட்டுபவர் தனியாகக் கருத வேண்டிய செய்தி இது. உடல் செலவிடும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கும் பெடலுக்கு முழுதாகப் போய்ச் சேர்வதில்லை, மீதி வெப்பமாகிறது. அதை வெளியேற்ற இரத்தம் தோலை நோக்கிப் பாய வேண்டியிருப்பதால் தசைக்குக் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது. வியர்வையால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாவதால் குளிர்ச்சியும் கிடைப்பதில்லை. ஜனவரி அதிகாலையில் கண்டறிந்த 200 வாட் எஃப்டிபி மே மாதத்தில் செல்லாது. அந்த எண்ணைப் பிடித்தே தீருவேன் என்று அழுத்துவது வெப்பத் தாக்குக்கு வழிவகுக்கும். வெயில் நாட்களில் வாட்டை உச்சவரம்பாகவும், இதயத்துடிப்பைக் கட்டளையிடும் அளவாகவும் கொள்ள வேண்டும்: துடிப்பு வழக்கத்தைவிட வெகுவாக ஏறினால் வாட்டைக் குறைத்துவிட வேண்டும். தலைசுற்றலோ உடல் சிலிர்ப்போ குழப்பமோ வந்தால் உடனே நிழலில் நிறுத்திவிட வேண்டும். உடல் வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். வீட்டில் சைக்கிளை நிலையாகப் பொருத்தும் ட்ரெய்னர் கருவியில் மிதிப்பவர்கள் பெரிய மின்விசிறியை நேர் எதிரே வைக்காவிட்டால் இதே நிலைதான்.

முன்னேற்றத்தை அறிவது

எஃப்டிபி 200இலிருந்து 204 ஆனால் மகிழ்ச்சி அடைவது இயல்பு. ஆனால் கருவியின் துல்லியமே 4 வாட் என்று மேலே கண்டோம். ஒரே கருவியில், ஒரே நேரத்தில், ஒத்த வானிலையில், இரண்டு மாத இடைவெளியில் எடுத்த சோதனைகளை மட்டுமே ஒப்பிட வேண்டும். ட்ரெய்னரின் எண்ணையும் பெடலின் எண்ணையும் கலக்கவே கூடாது.

சோதனையே இல்லாமல் அறியவும் வழி உண்டு. இரண்டு மணி நேரம் 140 வாட்டில் சீராக ஓட்டி, முதல் மணி நேரத்திலும் இரண்டாம் மணி நேரத்திலும் துடிப்பைப் பார்க்க வேண்டும். முதலில் 130, பிறகு 142 என்றால் துடிப்புக்குக் கிடைக்கும் வாட் எட்டு சதவீதத்துக்கும் மேல் சரிந்திருக்கிறது. இது 5 சதவீதத்துக்குள் நின்றால் அடித்தளம் நன்றாக இருக்கிறது என்பது பயிற்சியாளர்களின் நடைமுறை அளவு. சில மாதங்களில் இந்தச் சரிவு குறைவது, எஃப்டிபி நான்கு வாட் ஏறுவதைவிட நம்பத்தக்க செய்தி.

கிலோவுக்கு எத்தனை வாட் என்ற கணக்கு இன்னோர் ஆபத்தையும் கொண்டுவருகிறது. வாட்டைக் கூட்ட மாதங்கள் ஆகும். எடையைக் குறைத்தால் வாரங்களில் எண் ஏறிவிடும். அதனால் சாப்பாட்டைக் குறைக்கத் தோன்றுகிறது. ஆனால் 150 வாட்டில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் செய்த வேலை 1,080 கிலோஜூல். உடலின் செயல்திறனைக் கணக்கிட்டால் எரிந்த ஆற்றலும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான கிலோகலோரி, அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். காலையில் வெறும் காபியோடு கிளம்பி, திரும்பி வந்து இரண்டு இட்லியோடு நிறுத்துபவர் அன்றாடம் கடன் வாங்கி ஓட்டுகிறார். அந்தக் கடன் முதலில் தூக்கத்திலும் மனநிலையிலும் தெரியும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். எலும்பின் உறுதி குறையும். சில வாரங்களாக ஒரே துடிப்பில் வாட் இறங்கிக்கொண்டே வந்து, இந்த அறிகுறிகளில் ஒன்றும் சேர்ந்துகொண்டால், அடுத்த எஃப்டிபி சோதனையைத் தள்ளிவைத்துவிட்டு, வயிறாரச் சாப்பிட்டு ஓய்வெடுத்து, மருத்துவரைப் பார்ப்பதே செய்ய வேண்டியது.